கொசுவலைக் கிழிசலைப் பொத்தும் முறை

மூன்றாம் ஆண்டு, இயற்பியல்

ஆரணி என்றதும் பிற ஊரார்க்கு நினைவுக்கு வருவன இரண்டு: ஒன்று பட்டு, மற்றொன்று அரிசி. கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த எங்கள் ஊரின் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனால் நான் இங்கு எழுதப் புகுவது பட்டைப் பற்றியன்று. பட்டு நெய்யும் வீடுகளில், பகலெல்லாம் தறிக்கு மேலே ஓர் ஆணியில் சுருட்டி மாட்டப்பட்டிருக்கும் கொசுவலையைப் பற்றியே எழுதுகிறேன். இது கட்டுரைக்குரிய பொருளா என்று சில நண்பர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

குழித்தறி வீடுகளை அறிந்தவர்களுக்குக் கொசுவைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. நெய்பவர் தம் கால்களைக் குழிக்குள் விட்டு, மிதியை மிதித்தபடி நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிறார். குழிக்குள் இருட்டு, மழைக்காலமானால் ஈரம். கொசு ஒதுங்க அதைவிட நல்ல இடம் வேறில்லை. இரவில் அதே கூடத்தில், தறிக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுக்கிறோம். எங்கள் அத்தை வீட்டில் சென்ற ஐப்பசி மழையின்போது பேத்திக்கு டெங்குக் காய்ச்சல் கண்டது. பத்து மாதக் குழந்தை. ஒன்பது நாள் மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். தட்டணுக்களின் எண்ணிக்கை இறங்கி, பிறகு மெல்ல ஏறியது. அந்த ஒன்பது நாளும் தறி நின்றது. நெய்த புடவைக்குத்தான் கூலி. நின்ற தறிக்குக் கூலி ஏது?

குழந்தை தேறி வீடு வந்த பிறகு அத்தை தூளியின்மேல் போட்டிருந்த வலையை எடுத்து என்முன் விரித்தார்.

"தம்பி, பாவுல ஒரு இழை அறுந்தா உங்க மாமா அதை முடியாம சோத்துல கை வைக்கமாட்டாரு. இந்த வலையில இத்தனை ஓட்டை இருக்குது, ஒருத்தரும் கேக்கலையே" என்றார்.

அந்த ஓட்டை வழியாகத்தான் கொசு வந்தது என்று எவரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் அத்தையின் கேள்வி நியாயமானது. இழை அறுந்தால் முடியத் தெரிந்த ஊரில் வலையைப் பொத்த ஏன் தெரியவில்லை? அக்கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

முதலில் கொசுவைப் பற்றிச் சிறிது. மலேரியாவின் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை ரொனால்டு ராஸ் கண்டது 1897 ஆகஸ்டு 20-இல், செகந்திராபாத்தில் என்பதை விலங்கியல் மாணவர்கள் அறிவார்கள். மலேரியாவைப் பரப்பும் அனாபிலிசும், யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்சும் இரவில் கடிப்பவை. டெங்குவைப் பரப்பும் ஏடிசு பகலில் கடிப்பது. ஆகவே பகலில் தூங்கும் குழந்தைக்கும், காய்ச்சலில் படுத்திருப்பவருக்கும் பகலிலும் வலை வேண்டும். காய்ச்சல்காரருக்கு ஏன் என்றால், அவரைக் கடித்த கொசுவே அடுத்தவருக்கு நோயைக் கொண்டுபோகிறது.

வலையின் பழைமையும் சுவையானது. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டசு, எகிப்தின் சதுப்பு நிலத்து மக்கள் பகலில் மீன் பிடித்த வலையையே இரவில் படுக்கையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு உறங்கியதாக எழுதியிருக்கிறார். கையால் பின்னிய மெல்லிய வலையை எந்திரத்தில் செய்யும் வழியை இங்கிலாந்தின் ஜான் ஹீத்கோட் 1808, 1809 ஆண்டுகளில் கண்டு காப்புரிமை பெற்றார். அறுகோணக் கண் கொண்ட அந்த வலையை நெய்த அவருடைய தொழிற்சாலையை 1816-இல் எந்திர எதிர்ப்பாளர்கள் அடித்து நொறுக்கினார்கள். விசைத்தறியால் வேலை இழந்தவர்களைக் கண்ட எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தக் கோபம் புரியாமற் போகாது.

இனி வலையின் அமைப்பு. கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றினாலும் வலைகள் மூன்று இனம். முதலாவது, பாவும் ஊடையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் செல்லும் சாதா நெசவு. பழைய பருத்தி வலைகள் பல இவ்வகை. இதில் ஓர் இழை அறுந்தால் பக்கத்து இழைகள் நகர்ந்து கொடுக்கும். கிழியாமலே கண் அகலும். அதுவே இதன் பெருங்குறை. இரண்டாவது, லீனோ நெசவு. இதில் இரண்டிரண்டு பாவு இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு, நடுவே ஊடையைக் கவ்விப் பிடிக்கும். இழை எளிதில் நகராது. மூன்றாவது, இன்று கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் பாலியெஸ்டர் வலை. இது நெய்ததே அன்று, பின்னியது. ஊடை என்பதே கிடையாது. நீளவாட்டில் ஓடும் இழைகளே பக்கத்து இழைகளோடு கொக்கி போலக் கோத்துக்கொண்டு கண்களை உண்டாக்குகின்றன. ஓரிடத்தில் அறுந்தாலும் சரசரவென்று பிரிந்துகொண்டே போகாது என்பது இதன் சிறப்பு. நம் ஆய்வகத்தில் உள்ள உருப்பெருக்கும் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் மூன்றும் தெளிவாக வேறுபடும்.

கொசுவலைக்கு வழக்கமாகக் கொள்ளப்படும் அளவு, ஒரு சதுர அங்குலத்துக்கு 156 கண். அதாவது ஓர் அங்குல நீளத்துக்குப் பன்னிரண்டரை. இழையின் பருமனை டெனியர் என்னும் அளவால் குறிப்பார்கள்; 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை உள்ளதோ அத்தனை டெனியர். கொசுவலை நூல் 75 அல்லது 100 டெனியர் இருக்கும். எங்கள் வீட்டுக் கச்சாப் பட்டிழை 20 முதல் 22 டெனியர்தான். வலையைவிட நான்கு மடங்கு மெல்லிய இழையைக் கையாண்டு பழகிய விரல்களுக்கு வலையைப் பொத்துவது எவ்வளவு எளிது!

ஆயினும் எளிதாக நடப்பதில்லை. காரணம், கிழிசல் ஏன் பெரிதாகிறது என்பதை நாம் எண்ணுவதில்லை. முழுத் துணியை இழுத்தால் அதன் சுமையை ஆயிரம் இழைகள் பகிர்ந்துகொள்கின்றன. கிழிசல் ஒன்று விழுந்துவிட்டால், அறுந்த இழைகள் தாங்க வேண்டிய சுமை கிழிசலின் இரு முனைகளிலும் உள்ள இரண்டொரு இழைகளின் தலையில் விழுகிறது. அவை அறுந்தால் அடுத்தவை. புடவைக் கடைக்காரர் கத்தரியால் ஓரத்தில் சிறிது வெட்டிவிட்டு, பிறகு கையாலேயே சர்ரென்று கிழிப்பது இவ்வுண்மையைக் கொண்டுதான். 1913-இல் சார்லஸ் இங்லிசு என்னும் பொறியாளர், தகட்டில் உள்ள துளையின் ஓரத்தில் விசை எவ்வாறு குவிகிறது என்று கணக்கிட்டார். வட்டத் துளையானால் ஓரத்தில் தகைவு மூன்று மடங்கு. அகலத்தைப்போல் பத்து மடங்கு நீளமுள்ள நீள்வட்டத் துளையானால், அதன் கூர்முனையில் இருபத்தொரு மடங்கு! வலை, தகட்டைப் போல் இடைவெளியற்ற பொருள் அன்று. ஆதலின் இந்த எண்களை அப்படியே வலைக்குப் பொருத்தக் கூடாது. ஆனால் போக்கு ஒன்றே. வட்ட ஓட்டையைவிடக் கீறல் கொடியது. கிழிசலின் நடுவைவிட முனை கொடியது.

இங்கேதான் வீட்டில் நாம் செய்யும் வைத்தியம் தவறுகிறது. ஓட்டையின் நான்கு பக்கத்தையும் கூட்டிப் பிடித்து, நூலால் இறுகச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டுவிடுகிறோம். ஓட்டை அடைபடுகிறது, உண்மைதான். ஆனால் சுற்றியுள்ள வலை முழுவதும் அந்த முடிச்சை நோக்கிச் சுருங்கி விறைக்கிறது. வலையைப் பாயின்கீழ் செருகும் ஒவ்வொரு முறையும் அவ்விடமே இழுபடும். பத்து நாளில் முடிச்சுக்குப் பக்கத்தில் புதிய கிழிசல்.

பாவில் இழை அறுந்தால் என் தந்தை செய்வதை இதனோடு ஒப்பிடலாம். அறுந்த இழை எந்த விழுதுக் கண்ணில், எந்த அச்சுப் பல்லில் ஓடியது என்று முதலில் கண்டுபிடிப்பார். அதே நிற இழையில் ஒரு துண்டைப் பழைய முனையில் முடிந்து, விழுதிலும் அச்சிலும் கோத்து, முன்பக்கம் கொண்டுவந்து நெய்த துணியோடு சேர்ப்பார். இத்தனையும் பாவு தறியில் விறைத்து நிற்கும்போதே நடக்கும். "இழை விறைக்கவும் கூடாது, தொய்யவும் கூடாது. பக்கத்து இழை எப்படி நிக்குதோ அப்படியே நிக்கணும்" என்பார். விறைத்தால் புடவையில் கோடு விழும். தொய்ந்தால் நாடா அதில் சிக்கி மேலும் பத்து இழையை அறுக்கும். வலைக்கும் இதுவே சட்டம். வலை தொங்கும்போது அவ்விடத்தில் எவ்வளவு விறைப்பு உண்டோ அவ்வளவு விறைப்பிலேயே பொத்த வேண்டும்.

இனிச் செய்முறை. கிழிந்த பகுதியைப் பூவேலைக்குப் பயன்படும் மர வளையத்தில், சுருக்கமும் இன்றி இழுபடவும் இன்றி மாட்டிக்கொள்ள வேண்டும். அடியில் கறுப்புத் துணி ஒன்றை வைத்தால் வெள்ளை வலையின் கண்கள் தெளிவாகத் தெரியும். பகல் வெளிச்சமே நல்லது.

நூல் எதுவென்பதில்தான் எங்கள் வீட்டில் வாதம் நடந்தது. பாட்டி கழிவுப் பட்டு நூலை எடுத்து வந்தார். பட்டு வலுவானதுதான், ஆனால் வழுக்கும், முடிச்சு நிற்காது. மேலும் அது புரதம்; காரமான சோப்பிலும் வெயிலிலும் நலியும். நைலான் தூண்டில் நரம்பு இன்னும் மோசம். அது தான் அறுந்துபோகாமல் வலையை அறுத்துவிடும். பொத்தும் நூல் வலையின் நூலைவிட வலுவாக இருக்கக் கூடாது என்பதே என் முடிபு. மெல்லிய பாலியெஸ்டர் தையல் நூல் போதும். பழைய வலையிலிருந்து உருவிய இழை கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. வலை பருத்தியா பாலியெஸ்டரா என்று ஐயம் எழுந்தால், ஓர் இழையை மட்டும் வெளியே எடுத்துக் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி, காகிதம் எரியும் மணத்தோடு எரிந்து சாம்பலாகும்; பாலியெஸ்டர் உருகி மணிபோல் உருளும். முடி கருகும் வாடை வந்தால் அது பட்டு; ஆனால் பட்டில் கொசுவலை செய்யும் செல்வர் எவரையும் நான் ஆரணியில் கண்டதில்லை.

கட்டைவிரல் நுழையாத சிறு ஓட்டைகளுக்கு இழையோட்டுதலே போதும். கிழிசலின் முனையிலிருந்து அன்று, அதற்கு ஒரு செண்டிமீட்டர் அப்பாலிருந்து, நல்ல வலையில் தொடங்க வேண்டும், முனைதானே கொடியது. ஊசியைக் கண்ணுக்குக் கண் ஏற்றி இறக்கி, ஓட்டையைத் தாண்டி, எதிர்ப்பக்கமும் ஒரு செண்டிமீட்டர் போய்த் திரும்பி வர வேண்டும். திரும்பும் இடத்தில் நூலை இறுக்காமல் சிறு வளைவாக விட வேண்டும்; துவைத்த பின் வலை சுருங்கினாலும் நீண்டாலும் அந்த வளைவு கொடுத்துக்கொள்ளும். எல்லா வரிசைகளையும் ஒரே கோட்டில் முடிக்காமல், ஒன்று நீளமும் ஒன்று குறுகலுமாக விட்டால் புதிய தையலின் ஓரத்தில் சுமை ஒரே வரியில் விழாது. இப்படி நீளவாட்டில் ஓட்டியது பாவு. பிறகு குறுக்கே, ஓர் இழைக்கு மேல், அடுத்ததற்குக் கீழ் என்று ஊசியைச் செலுத்தினால் அது ஊடை. ஊசியே நாடா. நெசவு வீட்டுப் பிள்ளைகளுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டுமா?

நீண்ட கீறலானால் முதலில் இரு உதடுகளையும் ஏணிப்படி போலத் தைத்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நெருக்கிவைத்துக்கொண்டு, அதன்மேல் இழையோட்ட வேண்டும். மாமல்லபுரம் பக்கம் போனவர்கள் மீனவர்கள் வலை பொத்துவதைப் பார்த்திருக்கலாம். அவர்கள் முதலில் ஓட்டையைக் கத்தியால் வெட்டி இன்னும் பெரிதாக்குகிறார்கள்! மீன்வலை கண்ணுக்குக் கண் முடிச்சிட்டது. ஒழுங்கான ஓரம் கிடைத்தால்தான் முடிச்சுக்கு முடிச்சு புதிதாகக் கட்டிக்கொண்டு போக முடியும். பின்னல் வலைக்கு அந்த வெட்டு வேண்டாம். பிசிறை மட்டும் நறுக்கினால் போதும். ஊதுவத்தி நெருப்பால் ஓட்டையின் ஓரத்தைத் தீய்ப்பவர்களும் உண்டு. பாலியெஸ்டர் உருகி ஓரம் கல்லாகி, பக்கத்து இழையை ரம்பம்போல் அறுக்கும். தூளிக்கருகில் நெருப்பு என்பது வேறு.

முட்டி நுழையும் ஓட்டைகளுக்கு ஒட்டுப் போட வேண்டும். பழைய வலையிலிருந்து, ஓட்டையைவிட எல்லாப் பக்கமும் இரண்டு செண்டிமீட்டர் பெரிதாக, மூலைகளை வட்டமாக வளைத்து வெட்டிக்கொள்க. மூலை கூராக இருந்தால் அங்கே மீண்டும் விசை குவியும். பின்னல் வலை ஒரு திசையில் அதிகமும் மறு திசையில் குறைவாகவும் நீளும். ஒட்டையும் அடிவலையையும் இழுத்துப் பார்த்து, நீளும் திசைகள் ஒத்திருக்குமாறு வைக்க வேண்டும். ஓட்டையின் ஓரமாக ஒரு சுற்று, ஒட்டின் ஓரமாக ஒரு சுற்று, ஆக இரண்டு சுற்றுத் தையல். நடுவில் ஒட்டு சற்றே தளர்ந்திருப்பதால் குற்றமில்லை.

சாளரத்தில் பட்டை ஒட்டி இழுத்து மாட்டும் வலைக்கு இந்தத் தளர்ச்சி ஆகாது. அது எந்நேரமும் விறைத்தே நிற்பது. அதைக் கழற்றி மடியில் வைத்துத் தைத்தால் மாட்டியதும் ஒட்டு விகாரமாக இழுத்துக்கொள்ளும். சட்டத்தில் மாட்டியபடியே தைக்க வேண்டும். மேனாட்டில் வேனையே வீடாக்கிக்கொண்டு ஊர் சுற்றுபவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. ஃபோக்ஸ்வேகன் போன்ற வேன்களில் கூரையைத் தூக்கி நிறுத்தினால் அதன்கீழ் ஒரு துணிக்கூடாரம் விரியும். அதில் காற்றுக்கு வலைச் சாளரம் உண்டு. கூரையை இறக்கும்போது அவ்வலை ஒவ்வொரு நாளும் அதே மடிப்பில் மடிகிறது. சில வேளை கூரைக்கும் சட்டத்துக்கும் நடுவே நசுங்கவும் செய்கிறது. அங்கேயே கிழிகிறது. அதைத் தைப்பவரும் கூரையை முழுதும் உயர்த்தி, துணி விறைத்து நிற்கும் நிலையிலேயே, ஒருவர் உள்ளேயும் ஒருவர் வெளியேயும் இருந்து வளைந்த ஊசியால் தைப்பதே முறை. மடிப்பு விழும் கோட்டின்மேல் தையலின் ஓரம் வராமல் ஒட்டைச் சற்றுப் பெரிதாக வெட்டிக்கொள்ள வேண்டும். ஆரணித் தறிக்கும் அந்த வேனுக்கும் எவ்வளவு தொலைவு! ஆனாலும் என் தந்தை சொன்ன விறைப்புச் சட்டம் அங்கும் செல்லுபடியாகிறது.

எந்த ஓட்டையை முதலில் பொத்துவது என்பதற்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு ஒன்று உண்டு. கருவி வேண்டாம், நம் உடலே அளவுகோல். கட்டைவிரல் நுழையாத ஓட்டைக்கு மதிப்பெண் 1. விரல் நுழைந்து முட்டி நுழையாவிட்டால் 23. முட்டி நுழைந்து தலை நுழையாவிட்டால் 196. தலையே நுழைந்தால் 576. ஒவ்வொரு வகையின் சராசரி விட்டத்துக்கும் பரப்பைக் கணக்கிட்டால் இந்த விகிதம் தானே வரும். நம் மாணவர்கள் செய்து பார்க்கலாம். மொத்தம் 64 வரை இருந்தால் வலை நல்ல நிலை. 642 வரை பழுதுற்றதாயினும் பயன்படும். அதற்குமேல் போனால் கழிக்க வேண்டியது.

அத்தையின் வலையில் விரல் நுழையாதவை 9, முட்டி நுழையாதவை 3, முட்டி நுழைந்தது 1. ஆக 9, 69, 196, மொத்தம் 274. அந்த ஒற்றைப் பெரிய ஓட்டைக்கு ஒட்டுப் போட்டதுமே 78 ஆயிற்று. நடுத்தர ஓட்டை ஒன்றைப் பொத்தியதும் 55. ஒரு மாலைப் பொழுதில் வலை நல்ல நிலைக்கு வந்துவிட்டது. சிறியவை ஒன்பதையும் முதலில் பொத்தியிருந்தால் கண் வலித்ததுதான் மிச்சம், 265-இல் நின்றிருப்போம்.

இக்கணக்கில் எனக்கு ஒரு குறை தோன்றுகிறது. ஓட்டை எங்கே இருக்கிறது என்பதை இது பார்ப்பதில்லை. வலை பெரும்பாலும் கிழிவது கீழ்ப்பகுதியில்; செருகுவதும் கட்டில் முனையில் உரசுவதும் அங்கேதான். ஆனால் கொசு அதிகமாக மோதுவது மேற்பகுதியில். தான்சானியாவில் அகச்சிவப்பு ஒளியில் படமெடுத்துச் செய்த ஓர் ஆய்வு, 2017-இல் வெளியாயிற்று. வலைக்குள் படுத்திருப்பவரின் உடலுக்கு நேர் மேலே, வலையின் கூரைப் பகுதியிலேயே கொசுக்கள் மிகுதியாகச் சுற்றின என்று அது காட்டியது. உடல் வெப்பத்தால் காற்று மேலெழுவது நாம் படித்த வெப்பச் சலனமே. ஆகவே இரண்டு ஓட்டைகள் ஒரே அளவானால் கூரையில் உள்ளதை முதலில் பொத்துக.

பொத்தி முடிந்ததும் இருட்டிய பின் வலையைக் கட்டி, உள்ளே ஒரு கைவிளக்கை வைத்துவிட்டு வெளியே நின்று பார்த்தால் விட்டுப்போன ஓட்டைகள் தெரியும். அரசு வழங்கும் மருந்து தோய்ந்த வலையானால் மென்மையான சோப்பில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலும் வெளுக்கும் தூளும் மருந்தைக் கெடுக்கும். அந்த மருந்து மீனுக்கு நஞ்சாதலால் ஏரியிலோ குளத்திலோ துவைக்கக் கூடாது.

643-ஐத் தாண்டிய வலையையும் எறிந்துவிடாதீர்கள். மருந்து தோய்க்காத சாதா வலையானால் நல்ல பகுதிகளை ஒட்டுக்கு வெட்டி வைத்துக்கொண்டு, எஞ்சியதை இரண்டாக மடித்துக் கழிவுநீர்த் தொட்டியின் காற்றுக்குழாய் வாயில் கட்டிவிடலாம். எங்கள் தெருவில் அக்குழாய்கள் பல திறந்தே நிற்கின்றன. மாலையில் கொசு புகைபோல் கிளம்புவது அங்கிருந்துதான். மாமா இப்போது ஏணியைச் சார்த்திக்கொண்டு வீடு வீடாக அவற்றைக் கட்டி வருகிறார்.